பெட்டிக்கு எண் இருக்கிறது, தைத்த கைக்கு இல்லை

ஆம்பூருக்குப் பக்கத்தில் எங்கள் சேரியில் என் சித்தி இருபது வருடமாக ஷூவுக்கு அப்பர் தைக்கிறார். காலையில் ஏஜெண்ட் டிவிஎஸ் 50-இல் மூட்டையைக் கொண்டுவந்து போடுவார். உள்ளே வெட்டிய தோல் துண்டுகளும், நூலும், எத்தனை ஜோடி என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டும் இருக்கும். இரண்டு நாள் கழித்து வந்து, தைத்ததை எண்ணி எடுத்துக்கொண்டு போவார். ஜோடிக்குச் சில ரூபாய் கூலி. ஊசி, விரலில் சுற்றும் துணி, மங்கிப்போன கண்ணுக்கு மூக்குக் கண்ணாடி எல்லாம் சித்தியின் சொந்தச் செலவு. அந்த ஷூ எந்த ஊருக்குப் போகிறது, அங்கே என்ன விலைக்கு விற்கிறது என்று அவருக்குத் தெரியாது. அவர் எங்கே இருக்கிறார் என்று அந்த ஷூ கம்பெனிக்கும் தெரியாது.

ஆனால் அந்த ஷூவை அரசுக்கு நன்றாகத் தெரியும். தொழிற்சாலையை விட்டுப் பெட்டி வெளியே வரும்போது அதற்கு ஒரு ஜிஎஸ்டி பில், ஒரு இ-வே பில், லாரியின் எண், போகும் வழி எல்லாம் பதிவாகிவிடும். சுங்கச்சாவடியைத் தாண்டினால் ஃபாஸ்டேக்கில் நேரம் பதிவாகும். சென்னைத் துறைமுகத்துக்குள் நுழைந்தால் சுங்கத்துறையின் கணினியில் ஏறும். ஒரு பெட்டி ஷூ இந்த மாநிலத்தில் காணாமல் போவது கஷ்டம். அதைத் தைத்த பெண் காணாமல் போவது மிகச் சுலபம். ஏனென்றால் அவர் எந்தக் கணக்கிலும் ஏறியதே இல்லை.

‘பெருந்தரவு’, ‘விநியோகச் சங்கிலியின் மீள்திறன்’ என்ற இரண்டு சொற்களையும் இப்போது அமைச்சர்களும் தொழிலதிபர்களும் சேர்த்தே உச்சரிக்கிறார்கள். போர் வந்தாலும், தொற்று வந்தாலும், கடல்வழி அடைபட்டாலும் சரக்கு தடைபடாமல் போய்ச்சேர வேண்டும், தடைபட்டால் சீக்கிரம் எழுந்து நிற்க வேண்டும். அரசு திரட்டித் தரும் தரவு அதற்கு உதவும் என்கிறார்கள். இதெல்லாம் எம்பிஏ வகுப்புச் சமாச்சாரம், சாதி ஒழிப்புப் பேசுகிற நமக்கு இதில் என்ன வேலை என்று தோழர்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எந்தச் சங்கிலியை எடுத்தாலும் அதன் கடைசிக் கண்ணியில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் எண்ணம் மாறிவிடும்.

லாரி தெரிந்தது, ஆள் தெரியவில்லை

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். நள்ளிரவிலிருந்து நாடு முழுவதும் ஊரடங்கு. இடையில் நான்கு மணி நேரம். அன்று இந்திய அரசிடம் தரவு இல்லாமல் இல்லை. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் கட்டாயமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. எந்த மாவட்டத்திலிருந்து எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு மதிப்புள்ள சரக்கு போகிறது என்று ஒரு பொத்தானைத் தட்டினால் தெரியும்.

ஆனால் சூரத்திலும் மும்பையிலும் திருப்பூரிலும் எத்தனை வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் நெடுஞ்சாலையில் நடக்க ஆரம்பித்த பிறகு, ஏப்ரல் மாதத்தில்தான் மத்தியத் தொழிலாளர் துறை அவர்களை எண்ணச் சொல்லி அவசரமாகச் சுற்றறிக்கை அனுப்பியது. மே 8 அன்று ஔரங்காபாத் அருகே தண்டவாளத்தில் படுத்துறங்கிய 16 பேர் சரக்கு ரயிலில் அடிபட்டுச் செத்தார்கள். அந்த ரயிலின் நேரமும் பாதையும் கணினியில் இருந்தன. தண்டவாளத்தில் படுத்திருந்தவர்கள் அதில் இல்லை. செப்டம்பரில் நாடாளுமன்றத்தில், ஊர் திரும்பும் வழியில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டபோது, அப்படிப்பட்ட தரவு இல்லை என்று அரசு எழுத்துப்பூர்வமாகப் பதில் சொன்னது. தரவு இல்லாததால் இழப்பீடு என்ற கேள்வியும் எழவில்லையாம்.

சட்டம் இல்லாமல் இது நடக்கவில்லை. மாநிலங்களுக்கு இடையே புலம்பெயரும் தொழிலாளர்களுக்கான சட்டம் 1979 இலேயே வந்துவிட்டது. ஐந்து பேரையோ அதற்கு மேலோ வேலைக்கு வைக்கும் நிறுவனம் பதிவு செய்ய வேண்டும், ஒப்பந்தக்காரர் உரிமம் வாங்க வேண்டும், தொழிலாளருக்குக் கையேடு கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. நாற்பது வருடம் அதை யாரும் சீந்தவில்லை. பில் போடாத லாரியைச் சாலையில் நிறுத்தி அபராதம் போடுகிற அரசு, பதிவு செய்யாத ஒப்பந்தக்காரரை நிறுத்தவே இல்லை. ஒன்றை எண்ணினால் வரி வரும், இன்னொன்றை எண்ணினால் பொறுப்பு வரும். அரசு எதைத் தேர்ந்தெடுத்தது என்பது நமக்குத் தெரியும்.

இதனால் தொழிலாளர்கள் மட்டும் நொறுங்கவில்லை, தொழிலும் நொறுங்கியது. ஊரடங்கு தளர்ந்து ஆர்டர்கள் திரும்ப வந்தபோது தைக்க ஆள் இல்லை, கட்ட ஆள் இல்லை. நடந்துபோனவர்களைத் திரும்பக் கூட்டிவரப் பேருந்து அனுப்பினார்கள், சில கட்டுமான நிறுவனங்கள் விமான டிக்கெட்டே போட்டுக் கொடுத்தன. கர்நாடகத்தில் மே மாதம் முதலில், கட்டுமான முதலாளிகளுடன் முதல்வர் பேசிய கையோடு தொழிலாளர்களுக்கான சிறப்பு ரயில்களை அரசு ரத்து செய்தது. எதிர்ப்பு கிளம்பியதும் ஓரிரு நாளில் பின்வாங்கியது. ஆளைப் பூட்டிவைத்தால் சங்கிலி அறுபடாது என்று ஒரு அரசு நினைத்த தருணம் அது. மீள்திறன் என்ற சொல்லுக்கு அவர்கள் அகராதியில் என்ன பொருள் என்று அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும்.

எங்கள் ஊரிலும் இதே கதைதான், சின்ன அளவில். மார்ச் கடைசியில் ஏஜெண்ட் வருவதை நிறுத்தினார். தைத்து வைத்திருந்த மூட்டை சித்தி வீட்டு மூலையிலேயே கிடந்தது. அதற்கான கூலியும் கிடந்தது. தொழிற்சாலைப் பதிவேட்டில் பெயர் இல்லாததால் பிஎஃப் இல்லை, இஎஸ்ஐ இல்லை, முன்பணம் கேட்கவும் வாசல் இல்லை. சில மாதம் கழித்து ஏஜெண்ட் தேடிக்கொண்டு வந்தார். கம்பெனிக்கு அவசர ஆர்டராம், கேட்ட அளவுக்கு ஆள் கிடைக்கவில்லையாம். அதற்குள் பாதிப் பெண்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். உலக அளவில் பேசப்படும் விநியோகச் சங்கிலி நெருக்கடி எங்கள் தெருவுக்கு வந்த விதம் இதுதான்.

பிறகு என்ன கட்டினார்கள்?

2020-க்குப் பிறகு அரசு சும்மா இருக்கவில்லை. 2020 அக்டோபரில் பெரிய நிறுவனங்களுக்கு மின்-விலைப்பட்டியல் வந்தது. படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்டில் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் வரவுசெலவு உள்ளவர்கள் வரை கட்டாயமானது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. அதே ஆண்டு அக்டோபர் 13 அன்று கதிசக்தி திட்டம், 2022 செப்டம்பர் 17 அன்று தேசியத் தளவாடக் கொள்கை. ரயில், துறைமுகம், சுங்கம், வாகனப் பதிவு என்று தனித்தனியாகக் கிடந்த அரசுத் தரவுகளை ஒரே இடத்தில் இணைத்து, தனியார் நிறுவனங்களும் பயன்படுத்தும்படி ‘யூலிப்’ என்ற தளத்தைத் திறந்தார்கள். கன்டெய்னர் எங்கே நிற்கிறது, எந்தப் பாதையில் நெரிசல் என்று ஏற்றுமதியாளர் தன் மேசையில் இருந்தபடியே பார்க்கலாம். இது பயனுள்ளது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழியைத் தேட, ஒரு கிடங்கு காலியானால் இன்னொன்றிலிருந்து எடுக்க, இந்தத் தகவல் உதவத்தான் செய்யும்.

தொழிலாளர் பக்கம் என்ன நடந்தது? உச்சநீதிமன்றம் 2021 ஜூன் 29 அன்று கடுமையாகக் கண்டித்து, ஜூலை 31-க்குள் தரவுத்தளத்தைத் தொடங்கச் சொன்ன பிறகு, ஆகஸ்ட் 26 அன்று இ-ஷ்ரம் வந்தது. இன்று அதில் 30 கோடிக்கு மேற்பட்ட அமைப்புசாராத் தொழிலாளர்கள் பதிவாகியிருக்கிறார்கள். உலகத்திலேயே பெரிய தொழிலாளர் பதிவேடுகளில் ஒன்று. அதில் சாதிப் பிரிவும் கேட்கப்படுகிறது. 2022 ஏப்ரலில் சுமார் 28 கோடிப் பேர் பதிவாகியிருந்தபோது வெளிவந்த விவரப்படி, அவர்களில் 74 விழுக்காட்டுக்கு மேல் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். 94 விழுக்காட்டுக்கு மேல் மாத வருமானம் பத்தாயிரம் ரூபாய் அல்லது அதற்கும் கீழ்.

இந்த இரண்டு எண்களையும் இன்னொரு முறை படியுங்கள். இந்த நாட்டின் பொருளாதாரத்தின் அடித்தளத்தில் யார் இருக்கிறார்கள் என்று அரசின் கணினியே சொல்லிவிட்டது. ஆனால் சரக்குத் தரவு ஒரு வீட்டில் இருக்கிறது, ஆள் தரவு இன்னொரு வீட்டில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஊர்-சேரி போல ஒரு பெரிய வெளி. ஒரு பெட்டி ஷூவின் பில்லிலிருந்து பின்னோக்கிப் போனால் தொழிற்சாலை வரை போகலாம், தோல் பதனிடும் இடம் வரைகூடப் போகலாம். ஏஜெண்டின் டிவிஎஸ் 50 வந்ததும் தடம் நின்றுவிடும். அந்த மூட்டையின் மதிப்பு இ-வே பில் வரம்புக்குக் கீழே. வரம்புக்குக் கீழே இருப்பது சரக்கு மட்டும் இல்லை என்பதுதான் நம் பிரச்சினை.

சாதி வேலையைப் பங்குபோடுவதோடு நிற்பதில்லை, வேலை செய்கிற மனிதர்களையே பிரித்து ஒருவர் தலையில் ஒருவரை அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936 இல் விளக்கிவிட்டார். நவீன விநியோகச் சங்கிலி அந்த அடுக்கின்மேல் வசதியாக உட்கார்ந்திருக்கிறது. தோலைத் தொடும் வேலை யாருக்கு, சாயக்கழிவுத் தொட்டியில் இறங்கும் வேலை யாருக்கு, ஏற்றி இறக்கும் வேலை யாருக்கு, கணினி முன்னால் உட்கார்ந்து அந்தச் சரக்கைக் கண்காணிக்கும் வேலை யாருக்கு என்பது பெரும்பாலும் பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறது. மேல் அடுக்கைத் துல்லியமாகவும் கீழ் அடுக்கை மங்கலாகவும் காட்டும் தரவுக் கொள்கை இந்த அடுக்கை அப்படியே நகலெடுக்கிறது.

சின்ன கடை ஏன் வெளியே தள்ளப்படுகிறது?

தொழிலாளர்களை விட்டுவிட்டு, தொழில் நடத்தும் தலித்துகளையே எடுத்துக்கொள்வோம். 2015-16 இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின்படி நாட்டிலுள்ள குறு, சிறு, நடுத்தரத் தொழில்களில் 12.45 விழுக்காடு பட்டியல் சாதியினருடையவை, 4.10 விழுக்காடு பழங்குடியினருடையவை. பெரும்பாலும் ஒருவர் இருவர் நடத்தும் சின்னப் பட்டறைகள். ஜிஎஸ்டி முறையில், சரக்கு வாங்கும் பெரிய நிறுவனம் தான் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க வேண்டுமென்றால், விற்றவர் தன் கணக்கைச் சரியாகத் தாக்கல் செய்திருக்க வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து இது இன்னும் இறுகிவிட்டது. விற்றவரின் கணக்கில் ஏறாத பில்லுக்கு வாங்கியவருக்கு வரி வரவு கிடையாது. பதிவு செய்யாத சின்னப் பட்டறையிடமோ, தொகுப்பு வரித் திட்டத்தில் இருப்பவரிடமோ வாங்கினால் அந்த வரவே வராது.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். ஒரு கம்பெனியின் கொள்முதல் மேலாளர் முன்னால் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் ஆடிட்டர் வைத்து மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்பவர். இன்னொருவர் நன்றாகத் தைப்பவர், ஆனால் கணினியும் ஆடிட்டரும் இல்லாதவர். ஆர்டர் யாருக்குப் போகும்? சாதி பார்த்துத் தள்ள வேண்டிய அவசியமே இல்லை, மென்பொருளே தள்ளிவிடும். ஆடிட்டருக்குப் பணம், வங்கிக் கடனுக்குப் பிணை, தொழிற்பேட்டையில் இடம் எல்லாம் தலைமுறையாக யாரிடம் சேர்ந்திருக்கிறதோ அவர்கள் ‘நம்பகமான சப்ளையர்’ ஆகிறார்கள். மற்றவர்கள் அவர்களிடம் உள்-ஒப்பந்தம் எடுத்து, அவர்கள் பெயரில் வேலை செய்கிறார்கள்.

இதில் தொழிலுக்கு என்ன நஷ்டம் என்று கேட்டால், அதுதான் மீள்திறனின் அடிப்படைப் பாடம். ஒரே ஒரு தூணில் நிற்கும் கூரை அந்தத் தூண் சாய்ந்தால் விழுந்துவிடும். பல சின்ன சப்ளையர்கள் பரவலாக இருக்கும் சங்கிலிதான் அதிர்ச்சியைத் தாங்கும். தரவுக் கொள்கை சின்னவர்களை வடிகட்டிச் சிலரிடம் கொள்முதலைக் குவித்தால், திரையில் சங்கிலி சுத்தமாகத் தெரியும், தரையில் மெலிந்துகொண்டே போகும்.

அரசு தன் சொந்தக் கொள்முதலில் என்ன செய்கிறது? மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும் என்று 2012 கொள்கை சொல்கிறது. அதைக் கண்காணிக்க 2017 இல் ‘சம்பந்த்’ என்று ஒரு தளமும் திறந்தார்கள். தளம் இருக்கிறது, ஒவ்வொரு நிறுவனத்தின் எண்ணும் அதில் ஏறுகிறது. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு அந்த 4 விழுக்காடு எட்டப்படாமலே போகிறது, அதற்காக எந்த அதிகாரியின் பதவி உயர்வும் நின்றதில்லை. சரக்கு வண்டிக்கு பில் இல்லாவிட்டால் அபராதம். சமூகநீதி இலக்கைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டு அறிக்கையில் இன்னொரு வரி. தரவு தானாக நீதியைக் கொண்டுவராது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

திண்டுக்கல்லில் நடந்தது

அப்படியானால் சங்கிலியைக் காப்பாற்றுவது எது? பதில் தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டாம், திண்டுக்கல் வரை போனால் போதும்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல் என்ற ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளரே அந்தக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். அந்தப் பெண் உறுப்பினராக இருந்த தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் தலித் பெண்கள் தலைமையில் இயங்கும் சங்கம். அவர்கள் விடவில்லை. ஓராண்டுக்கு மேல் போராடி, ஆசியா தரைக்கூலிக் கூட்டமைப்பு போன்ற அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு, 2022 ஏப்ரலில் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஆலையின் தாய் நிறுவனமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் ஒரு பக்கம், அதனிடம் துணி வாங்கும் எச்&எம், பிறகு சேர்ந்த கேப், பிவிஎச் ஆகிய பெரிய பிராண்டுகள் இன்னொரு பக்கம். பாலியல் துன்புறுத்தலோடு சாதி அடிப்படையிலான பாகுபாட்டையும் அது தடை செய்கிறது. தொழிற்கூடத்தின் உள்ளேயே, சங்கம் பயிற்சி கொடுத்த தொழிலாளர்கள் கண்காணிப்பாளர்களாக இருப்பார்கள். மீறினால் ஆர்டர் பாதிக்கப்படும் என்று பிராண்டுகள் சட்டப்படி கட்டுப்பட்டன.

அடுத்து நடந்ததுதான் நம் தலைப்புக்கு நேரடியான பாடம். கட்டாய உழைப்பில் உருவான பொருளை அமெரிக்காவுக்குள் விடக்கூடாது என்று அங்கே 1930 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி அமெரிக்கச் சுங்கத்துறை 2022 ஜூலை கடைசியில் நாச்சி அப்பேரலின் சரக்குகளைத் துறைமுகத்தில் நிறுத்திவைக்க உத்தரவு போட்டது. ஒரு ஏற்றுமதி நிறுவனத்துக்கு இதைவிடப் பெரிய இடி கிடையாது. இந்த மாதிரி உத்தரவுகள் பல நிறுவனங்கள்மேல் வருடக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. இங்கே செப்டம்பர் முதல் வாரத்திலேயே நீங்கியது. சுமார் ஆறு வாரம். எப்படி நீங்கியது? ஆலையின் உள்ளே நிலைமை மாறியிருக்கிறது, மாறியதைத் தொழிலாளர்களே கண்காணிக்கிறார்கள் என்பதற்கு அந்த ஒப்பந்தம் சாட்சியாக நின்றது.

அந்தச் சங்கிலியை எழுப்பி நிறுத்தியது எந்தத் தரவு? தைக்கும் பெண் தன் பக்கத்து இயந்திரத்துப் பெண்ணிடம் கேட்டு, பயப்படாமல் எழுதிக் கொடுத்த புகார். அது தீர்ந்ததா இல்லையா என்று தொடர்ந்து பார்த்த குறிப்பு. தரவுதான் அதுவும். ஆனால் கீழேயிருந்து, உரிமையோடு, சங்கத்தின் பாதுகாப்போடு வந்த தரவு. பெருந்தரவு என்று பேசுபவர்கள் யாரும் இதைத் தரவு என்று எண்ணுவதில்லை.

எதிர்ப்பக்கத்துக்கு 2023 மார்ச்சைப் பாருங்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. வெளிமாநிலத் தொழிலாளர்கள் பயந்து ரயில் ஏறினார்கள், திருப்பூர் முதலாளிகள் பதறினார்கள், இரண்டு மாநில அரசுகளும் ஓடின. அப்போதும் யாரிடமும் முழுமையான எண்ணிக்கை இல்லை. அதைவிட முக்கியமாக, அந்தத் தொழிலாளர்கள் நம்பிக் கேட்பதற்கு ஒரு சங்கத் தோழரோ ஒரு அதிகாரியோ இல்லை. ஒரு வாட்ஸ்அப் வீடியோ ஒரு தொழில் நகரத்தையே காலிசெய்யும் நிலை என்றால், அங்கே உடைந்திருப்பது மென்பொருள் இல்லை, நம்பிக்கை.

எண்ணுவது வேறு, வேவு பார்ப்பது வேறு

இங்கே ஒரு நியாயமான பயத்தைப் பேசியாக வேண்டும். அரசின் கையில் நம் தரவைக் கொடுப்பது சரியா? சாதியைப் பதிவு செய்தால் அதுவே நம்மை ஒதுக்கப் பயன்படாதா? இந்தப் பயம் வீண் இல்லை. நாக்பூர், சண்டிகர் போன்ற ஊர்களில் துப்புரவுத் தொழிலாளர்களின் கையில் ஜிபிஎஸ் கடிகாரத்தைக் கட்டினார்கள். தேநீர் குடிக்க நின்றாலும் கணக்கு. அந்த வேலையில் இருப்பவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிச் செத்தவர்களின் எண்ணிக்கையைத் துல்லியமாகச் சொல்லத் தெரியாத அமைப்புக்கு, தேநீர் குடித்த நிமிடம் மட்டும் துல்லியமாகத் தெரிகிறது.

ஆகவே, தரவு வேண்டுமா வேண்டாமா என்பது தவறான கேள்வி. யார் எண்ணுகிறார்கள், எதற்காக எண்ணுகிறார்கள், எண்ணியதை யார் பார்க்கலாம் என்பதே கேள்வி. தனியொருவரின் சாதி கம்பெனியின் மனிதவளத் துறைக்குத் தெரியக் கூடாது. ஆனால் ஒரு தொழிலில், ஒரு மாவட்டத்தில், எந்த வேலையில் எந்தச் சமூகம் எவ்வளவு இருக்கிறது, என்ன கூலி வாங்குகிறது என்ற மொத்தக் கணக்கு எல்லோருக்கும் தெரிய வேண்டும். நடப்பது தலைகீழாக இருக்கிறது. ஆளின் கைரேகையும் முகமும் எல்லா இடத்திலும் கேட்கப்படுகின்றன. மொத்தக் கணக்கு பூட்டி வைக்கப்படுகிறது. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் திரட்டிய சாதித் தரவு பயன்படுத்த முடியாத அளவுக்குப் பிழையானது என்று 2021 இல் உச்சநீதிமன்றத்தில் சொல்லி, வெளியிடாமலே வைத்துவிட்டார்கள். 2023 இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, போகிற போக்கில் தகவல் உரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவல் என்று காரணம் காட்டி மறுப்பதை எளிதாக்கிவிட்டது. ஒப்பந்தக்காரரின் வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பட்டியலையும் கேட்கும் சங்கத்துக்கு நாளை அதே காரணம் சொல்லப்படலாம். 1979 சட்டத்துக்குப் பதிலாக வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, ஐந்து பேர் என்ற வரம்பைப் பத்தாக உயர்த்திவிட்டது. எண்ண வேண்டியவர்களை எண்ணாமல் விடுவதற்கான வாசல் இப்போது இன்னும் அகலம்.

எண்ணுவது நம் இயக்கத்துக்கு அந்நியமானது இல்லை. அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தபோது, 1944 இல் ரேகே தலைமையில் தொழிலாளர் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. கூலி எவ்வளவு, வீடு எப்படி, வேலை நிலைமை என்ன என்று தொழில் தொழிலாக, ஊர் ஊராகப் போய்த் தகவல் திரட்டினார்கள். தொழிலாளருக்கான சமூகப் பாதுகாப்பைத் திட்டமிடுவதற்காக எடுத்த கணக்கு அது. அரசுத் தரவுக் கொள்கை என்றால் அப்படித் தொடங்க வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

2027 மார்ச் 1-ஐ மையநாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் சேர்க்கப்படும் என்று அரசு அறிவித்திருக்கிறது. எத்தனை பேர் எந்தச் சாதி என்ற எண்ணிக்கையோடு இதை முடித்துவிட அனுமதிக்கக் கூடாது. சாதியையும் தொழிலையும் வேலை நிலையையும் குறுக்கே வைத்து மாவட்ட வாரியாக அட்டவணை வெளியிட வேண்டும். இ-ஷ்ரம் தரவையும் பெயர், அடையாளம் நீக்கி அதே முறையில் வெளியிட வேண்டும். அப்போதுதான் எந்தச் சங்கிலி யார் முதுகில் நிற்கிறது என்று வாதமில்லாமல் தெரியும்.

சரக்கைக் கண்காணிக்கும் அதே கறார்த்தனத்தோடு ஒப்பந்தக்காரரையும் கண்காணிக்க வேண்டும். ஏற்றுமதிச் சலுகை வாங்கும் நிறுவனம் தன் உள்-ஒப்பந்தங்களை, வீட்டில் தைக்கும் பெண் வரைக்கும், அறிவிக்க வேண்டும். அந்தப் பட்டியலைச் சங்கங்கள் பார்க்க முடிய வேண்டும். ஜெர்மனியில் 2023 இல் நடைமுறைக்கு வந்த விநியோகச் சங்கிலிச் சட்டம், சமூகப் பிறப்பின் அடிப்படையிலான பாகுபாட்டையும் நிறுவனங்கள் கவனிக்க வேண்டிய ஆபத்தாகச் சொல்கிறது. சமூகப் பிறப்பு என்றால் நம் ஊரில் சாதி. பெர்லினில் கேட்கக்கூடிய கேள்வியை ஆம்பூரில் கேட்கக் கூடாதா?

சின்னப் பட்டறைகளுக்குக் கணக்குத் தாக்கல் செய்ய அரசுச் செலவில் உதவி வேண்டும், 4 விழுக்காடு கொள்முதலைத் தவறவிட்டால் அதற்குப் பதில் சொல்லும் அதிகாரி வேண்டும். திண்டுக்கல் ஒப்பந்தம் போல, தொழிலாளரே தரவைத் திரட்டி, தொழிலாளரே கண்காணிக்கும் முறை ஒரு ஆலையோடு நிற்காமல் தோல், நூற்பாலை, பட்டாசு என்று விரிய வேண்டும். இதில் முதலாளிகளுக்கும் லாபம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் லாபத்துக்காக நாம் இதைக் கேட்கவில்லை. அடுத்த அதிர்ச்சி வரும்போது முதலில் அறுபடும் கண்ணி நம் வீட்டுப் பெண்கள் என்பதால் கேட்கிறோம்.

போன மாதம் ஊருக்குப் போனபோது சித்தியிடம் இ-ஷ்ரம் அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். டிரங்குப் பெட்டியிலிருந்து லேமினேட் செய்த அட்டையை எடுத்துக் காட்டினார். பக்கத்து ஊர் இ-சேவை மையத்தில் பதிந்ததாம். தொழில் என்ற இடத்தில் ‘விவசாயக் கூலி’ என்று இருந்தது. “நான் ஷூ தைக்கிறேன்னுதான் சொன்னேன்பா. எந்தக் கம்பெனின்னு அந்தப் பையன் கேட்டான். கம்பெனி பேரு எனக்கு எங்க தெரியும்? சரி, இத போட்டுக்கலாம்னு போட்டுட்டான்” என்றார்.

இருபது வருட வேலை அந்த ஒரு கட்டத்தில் அழிந்துபோனது. அந்த அட்டையைத் திருத்தும் வேலையிலிருந்து தொடங்கலாம், தோழர்களே. உங்கள் தெருவில் யாரிடம் என்ன எழுதியிருக்கிறது என்று இந்த வாரம் கேட்டுப் பாருங்கள்.